கயிற்றிலிருந்து ரெசினுக்கு

புதுச்சேரியில் கடல் பாலம் வருவதற்கு முன் கப்பலில் வந்தவர்கள் எப்படிக் கரை இறங்கினார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். இரும்புப் பாலம் வந்தது 1866-இல். அதுவரை கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் மூட்டையையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது சலங்கு. பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லையே வாங்கி 'ஷெலேங்க்' என்று தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் அதையே மசூலா படகு என்றார்கள்.

படித்த நண்பர் ஒருவர் கேட்டார்: "ஆணியே இல்லாத படகு அந்த அலையில் எப்படி ஐயா தாங்கியது?" ஆணி இல்லாததால்தான் தாங்கியது. சலங்கின் பலகைகள் ஒன்றோடொன்று கயிற்றால் தைக்கப்பட்டவை. ஓரங்களில் துளை போட்டு, இடுக்கில் நாரைத் திணித்து, கயிற்றை இழுத்துக் கட்டுவார்கள். அலை தூக்கித் தரையில் போடும்போது படகு சற்று நெளிந்து கொடுக்கும். விறைப்பாக ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அதே அடியில் பிளந்துவிடும். தண்ணீர் கசியத்தான் செய்யும். அதை இறைக்க ஓர் ஆள் இருப்பான். கட்டுமரமோ இன்னும் எளிது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போட்டு, மறுநாள் மறுபடி கட்டுவார்கள். அதன் இணைப்புக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஒவ்வொரு நாளும் அதைக் கடலுக்குப் போகிறவனே தன் கையால் கட்டினான். கயிறு நைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

நண்பருக்கு இதை எழுதி அனுப்பிய பிறகு எனக்குள் வேறொரு கேள்வி வந்தது. இன்று நம் கரையில் கட்டுமரத்தையும் சலங்கையும் தேடித்தான் பார்க்க வேண்டும். வரிசையாக நிற்பது ஃபைபர் போட்டு. அது எதனால் ஒட்டிக்கொண்டிருக்கிறது? அந்த ஒட்டு நைந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

இதன் வரலாறு ஒரு வேடிக்கையான இடத்தில் தொடங்குகிறது: பல் மருத்துவத்தில். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் கஸ்தான் என்ற வேதியியலாளர், சூரிச்சில் பல் மருத்துவப் பொருள்கள் செய்த ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். பொய்ப்பல் கட்டுவதற்கு, இறுகும்போது சுருங்காத ஒரு பொருள் அவருக்குத் தேவைப்பட்டது. சுருங்கினால் ஈறில் சரியாக உட்காராது. (பொய்ப்பல் கட்டியிருக்கிற என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) 1930-களின் பிற்பகுதியில் அவர் கண்டுபிடித்ததுதான் நாம் இப்போது எப்பாக்ஸி என்று சொல்லும் ரெசின். பொய்ப்பல்லில் அது பெரிதாக எடுபடவில்லை. பாசல் நகரத்து சீபா நிறுவனம் அந்த உரிமையை வாங்கி, 1946-இல் அதே ஊரில் நடந்த தொழிற்காட்சியில் ஒட்டும் பசையாக அறிமுகப்படுத்தியது. பெயர் அரால்டைட். கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ என்பவர் பெயிண்டுக்காக இதே வகை ரெசினைத் தனியாக உருவாக்கிக்கொண்டிருந்தார்.

நம் வீடுகளில் மேசை இழுப்பறையில் ஒரு காலத்தில் கட்டாயம் இருந்த இரண்டு டியூப் இதுதான். ஒன்றில் ரெசின், ஒன்றில் ஹார்ட்னர். இரண்டையும் சம நீளத்துக்குப் பிதுக்கி, தீக்குச்சியால் கலக்கி, ஒட்டி, ஒரு இரவு தொடாமல் வைக்க வேண்டும். பல கைகள் மாறி, 2020-இல் இந்தியாவில் அந்தப் பெயர் பிடிலைட் நிறுவனத்திடம் வந்தது. கடைக்காரர்கள் இன்றும் எந்தக் கம்பெனி எப்பாக்ஸியையும் அரால்டைட் என்றே கேட்டு எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஆனால் ஃபைபர் போட்டு எப்பாக்ஸியால் ஆனதல்ல. இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. கண்ணாடியை நூலாக இழுக்கும் தொழில் 1930-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வளர்ந்தது. அந்த நூலைப் பாலியஸ்டர் என்னும் வேறொரு ரெசினில் நனைத்து, அதே மாநிலத்தின் டொலீடோ நகரில் ரே கிரீன் என்பவர் 1942-இல் ஒரு சிறு பாய்மரப் படகு செய்தார். பாலியஸ்டர் மலிவு, சீக்கிரம் இறுகும். போருக்குப் பின் உலகெங்கும் படகுத் தொழில் அதன் பக்கம் சாய்ந்தது.

பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு இதில் ஒரு கதை உண்டு. எரிக் தபார்லி என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர், பெரிய பாய்மர வீரர். அவர் தந்தையிடமிருந்து வந்த 'பென் த்யுய்க்' என்ற மரப்படகு 1898-இல் கட்டியது, அடிமரமெல்லாம் உளுத்துப்போயிருந்தது. தூக்கிப் போடச் சொன்னார்கள். அவரோ 1958 வாக்கில் அந்த உளுத்த உடலையே அச்சாகக் கவிழ்த்துவைத்து, அதன் மேல் கண்ணாடித் துணியும் பாலியஸ்டருமாகப் படலம் படலமாகப் போட்டு ஒரு புதிய உடலை வார்த்து எடுத்தார். அந்தப் படகு நூறு வயதைத் தொட்ட 1998-இல், வேல்ஸ் கரைக்கு அப்பால் ஒரு இரவில் அவர் அதிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். படகு இன்றும் ஓடுகிறது. கவனிக்க வேண்டியது, அவர் எதையும் ஒட்டவில்லை. முழு உடலையும் தொடர்ச்சியாக வார்த்தார். பாலியஸ்டரின் பலம் அங்கேதான். ஒரு படலம் இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்ததைப் போட்டால் இரண்டும் வேதியியல் முறையில் ஒரே பொருளாகிவிடும். காய்ந்து இறுகிய பிறகு அதன் மேல் இன்னொன்றை வைத்தால் அது ஒன்றாவதில்லை. வெறுமனே பற்றிக்கொண்டு நிற்கிறது.

நம் கரைக்கு ஃபைபர் வந்தது மெதுவாக. 1979-இல் சென்னையில் அலுவலகம் அமைத்து, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அலையில் இறங்கிக் கரையேறக்கூடிய புது வகைப் படகுகளை அங்கே சோதித்தார்கள். பிறகு கட்டுமரத்தின் உருவத்தைத் தழுவிய சிறிய ஃபைபர் படகுகள் பெருகின. கார் பெயரை வைத்து அவற்றை 'மாருதி' என்று அழைத்த ஊர்களும் உண்டு. நல்ல மரம் கிடைப்பது குறைந்துகொண்டே வந்த காலம் அது.

பிறகு 2004 டிசம்பர் 26. நம் பிரதேசத்தில் அதிக உயிர்கள் போனது காரைக்காலில். படகு போனவர்களுக்குப் படகு கொடுக்க அரசும் தொண்டு நிறுவனங்களும் வெளிநாடுகளும் முன்வந்தன. சில மாதங்களில் பல்லாயிரம் ஃபைபர் படகுகள் தேவைப்பட்டன. தோப்பிலும் சாலையோரத்திலும் கொட்டகை போட்டுப் படகு வார்த்தார்கள். தமிழகக் கரையில் அப்போது இறங்கிய படகுகளில் தரம் குறைந்தவை நிறைய என்பதை அந்தக் காலத்து ஆய்வாளர்கள் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்த நாட்களில் நான் ஒரு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தராக இருந்தேன். நிவாரணக் கோப்புகள் என் மேசை வழியாகவும் போயின. பயனாளி பெயர், ஊர், படகின் நீளம், என்ஜின் குதிரைசக்தி, விலைப்புள்ளி, எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. எந்த ரெசின், எத்தனை படலம், உள்ளே குறுக்குப் பலகையை எதைக் கொண்டு ஒட்டினார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. அது எழுத்தர் கேட்கிற கேள்வி இல்லை என்பது சரி. படகை வாங்கிக்கொண்டு போனவரிடமும் அதை யாரும் சொல்லவில்லை. ஃபைபர் போட்டில் முதலில் விட்டுப்போவது அந்த இடம்தான். உடல் அச்சில் ஒரே மூச்சாக வார்க்கப்படுகிறது. குறுக்குத் தாங்கிகள், மேல் தளம், பின்பலகை, மிதப்புக்காக அடைக்கும் பெட்டிகள் எல்லாம் பிறகு வந்து ஒட்டுகிறவை. பின்பக்கம் டீசல் என்ஜின் நாள் முழுதும் உதறுகிறது. கடலுக்கு நடுவே தாங்கி விட்டுப்போனால் உடல் நெளிய ஆரம்பிக்கும், பிறகு பிளவு வரும். கட்டுமரம் கவிழ்ந்தாலும் மரம் மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். மிதப்புப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்த ஃபைபர் படகு அப்படி இல்லை.

ஓய்வு பெற்ற பின், 2012 வாக்கில் இருக்கும், வீராம்பட்டினம் பக்கம் படகு பழுது பார்க்கிற தம்பி ஒருவர் இரண்டு டப்பாக்களுடன் என் வீட்டுக்கு வந்தார். பாய்மரப் படகில் வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் கிளம்பும்போது மிச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். டப்பா முழுக்க பிரெஞ்சு எழுத்து.

"ஐயா, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க. நம்ம ரெசினுக்கு ஹார்ட்னர் கூட ஊத்தினா சீக்கிரம் புடிச்சுக்கும். இதுக்கு ரெண்டு மடங்கு ஊத்திப் பாத்துட்டேன், ரெண்டு நாளா ஜவ்வு மாதிரியே கெடக்குது."

சிக்கல் அந்த 'ஹார்ட்னர்' என்ற ஒரு சொல்லில் இருந்தது. நம் பட்டறைகளில் பாலியஸ்டருக்கு ஊற்றுவதற்கும் எப்பாக்ஸிக்கு ஊற்றுவதற்கும் அதே பெயர். பிரெஞ்சுக்காரன் பிரித்துவைத்திருக்கிறான். பாலியஸ்டரில் சேர்ப்பது 'கத்தலிசர்'. எப்பாக்ஸியில் சேர்ப்பது 'துர்சிசர்'. முதலாவது வெறும் தூண்டுகோல். ரெசினின் எடையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு போதும். வெயிலைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். பட்டறைக்காரர் கை அதில் பழகியிருக்கிறது. இரண்டாவது அப்படியல்ல. அது பொருளின் மறுபாதி. ரெசினின் ஒவ்வொரு மூலக்கூறும் ஹார்ட்னரின் மூலக்கூறோடு கை கோத்துத்தான் இறுகுகிறது. கூட ஊற்றினால் ஜோடி கிடைக்காத ஹார்ட்னர் உள்ளேயே தங்கி, எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் வேறு வேகத்து ஹார்ட்னர் வாங்க வேண்டும், அளவை மாற்றக் கூடாது.

அளவிலும் ஒரு கண்ணி உண்டு. கன அளவில் ஒரு விகிதம், எடையில் வேறொரு விகிதம். பழைய சாதாரண அரால்டைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டியூபில் பிதுக்கினால் சமபாதி; தராசில் நிறுத்தால் ரெசின் 100-க்கு ஹார்ட்னர் 80. டப்பாவில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். அந்தத் தம்பியிடம் நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கச் சொன்னேன். வாங்கிவிட்டார்.

டப்பாவில் அடுத்ததாக இருந்தது வேலையின் வரிசை. முதலில் 'தெகிரேசே', பிறகு 'போன்சே'. அதாவது எண்ணெய்ப் பசை நீக்கு, அப்புறம் உப்புத்தாள் போடு. நம்மவர்கள் பெரும்பாலும் நேராக கிரைண்டரை எடுப்பார்கள். புதிய ஃபைபர் பரப்பில் அச்சிலிருந்து வந்த மெழுகு இருக்கிறது. பழையதில் டீசல், மீன் எண்ணெய். கழுவாமல் தேய்த்தால் தேய்ப்பில் விழும் கோடுகளுக்குள்ளேயே அந்த மெழுகைத் திணிக்கிறோம். அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியாவதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மெழுகு கரைந்து, பரவி, அங்கேயே மறுபடி காய்கிறது. அதன் பிறகு 80 எண் உப்புத்தாள், பளபளப்பு முழுதும் போகும் வரை. மூக்கில் துணி கட்டாமல் அந்தத் தூசியில் நிற்கக் கூடாது. ஹார்ட்னர் கையில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வந்து, பிறகு வாழ்நாளுக்கும் அந்தப் பக்கமே போக முடியாது. கையுறை அவசியம்.

எதற்கு இவ்வளவு பாடு, வழக்கமான பாலியஸ்டராலேயே ஒட்டிவிட்டால் என்ன? தம்பியும் அதைத்தான் கேட்டார். காரணம் கஸ்தானின் பொய்ப்பல்தான். பாலியஸ்டர் இறுகும்போது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருங்குகிறது. சுருங்கும்போதே ஒட்டிய இடத்திலிருந்து தன்னை இழுத்துக்கொள்கிறது. எப்பாக்ஸி மிகக் குறைவாகவே சுருங்கும். காய்ந்த பழைய பாலியஸ்டர் மேலும் நன்றாகப் பிடிக்கும். விலை அதிகம். அதனால் முழுப் படகையும் அதில் வார்க்க நம் கரையில் கட்டுப்படியாகாது. வார்க்கப் பாலியஸ்டர், காய்ந்த பின் ஒட்டவும் பழுது பார்க்கவும் எப்பாக்ஸி என்று பிரித்துக்கொண்டால் செலவும் அடங்கும்.

பிரித்துக்கொண்டால் சில பழக்கங்களையும் மாற்ற வேண்டும். பாலியஸ்டருக்குப் போடும் வெள்ளை மேட்டில் இழைகளைப் பிடித்துவைக்கும் பசை, பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் அது சரியாகக் கரையாது. மேட் விறைப்பாகவே நின்று, நனையாமல் வெள்ளைத் திட்டாகத் தெரியும். எப்பாக்ஸிக்கு நெய்த துணி வேண்டும். அதே ஸ்டைரீன் தெர்மோகோலையும் கரைத்துவிடும். மிதப்புப் பெட்டியில் தெர்மோகோலை வைத்து மேலே பாலியஸ்டர் பூசினால், மூடிய பெட்டிக்குள் தெர்மோகோல் சுருங்கி உட்கார்ந்திருப்பது வெளியே தெரியாது. எப்பாக்ஸி தெர்மோகோலை ஒன்றும் செய்யாது. மாறாக, எப்பாக்ஸி போட்ட இடத்தில் மேலே பாலியஸ்டர் போட்டால் அது சரியாக இறுகாமல் உரிந்துவரக் கூடும். ஒருமுறை எப்பாக்ஸிக்குப் போன இடத்தில் பிறகும் எப்பாக்ஸிதான்.

ஒட்டும்போது மரவேலைக்காரர் மாதிரி இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பசை முழுவதும் வெளியே பிதுங்கி, நடுவில் ஒன்றுமில்லாமல் போய்விடும். இரண்டு பரப்பிலும் முதலில் மெல்லிய எப்பாக்ஸியைத் தடவி ஊற விட்டு, பிறகு சிலிக்கா தூள் கலந்து தயிர் மாதிரி கெட்டியாக்கியதைப் போட்டு, லேசாக ஓரத்தில் எட்டிப்பார்க்கும் வரை அழுத்தினால் போதும். தாங்கி உடலில் சேரும் மூலையில் அதே கலவையை விரலால் வளைவாக வழித்து, மேலே துணி போட வேண்டும். எந்தப் பசையும் உரிப்பதைத் தாங்காது. தள்ளுவதையும் இழுப்பதையும் பரப்பு முழுக்கப் பகிர்ந்து தாங்கும். அதனால்தான் உடைந்த இடத்தைச் செங்குத்தாக வெட்டி அடைக்காமல், தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து ஒட்டச் சொல்கிறார்கள். ஐந்து மில்லிமீட்டர் தடிமன் என்றால் அறுபது மில்லிமீட்டர் சரிவு. அதைப் பார்த்ததும், "ஐயா, சின்ன ஓட்டைக்கு இவ்ளோ பெரிய பள்ளமா?" என்று தம்பி சிரித்தார். படகுக்காரர் சம்மதிக்கத்தான் கஷ்டம், அவர் கண்முன்னால் நல்ல இடத்தையெல்லாம் தேய்க்கிறோமே.

பிறகு நம்ம ஊர் வெயில். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஐரோப்பாவில் அரைமணி நேரம் கையாளலாம் என்று டப்பாவில் போட்டிருப்பது மே மாதம் இங்கே பத்து நிமிஷம்கூட வராது. குறுகிய டப்பாவில் நிறையக் கலக்கினால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும். அகலத் தட்டில், கொஞ்சம் கொஞ்சமாக, விடியற்காலையில். ஈரக்காற்று நாளில் இறுகிய பரப்பின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும். அடுத்த படலம் போடுவதற்கு முன் அதை வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாலே போகும். ஐந்து நிமிஷத்தில் பிடிக்கும் அரால்டைட்டைப் படகின் அடியில் போடுவது வேண்டாம். ஈரமும் சூடும் அதற்கு ஆகாது.

இவ்வளவும் அந்த டப்பாவில் இல்லை. பாதி டப்பாவிலிருந்து, மீதி பிறகு நானாகத் தேடிப் படித்து அவருக்குச் சொன்னது. 'கோல்' என்றால் பிரெஞ்சில் பசை. எங்கள் பள்ளியில் அதே சொல்லுக்கு, விடுமுறை நாளில் வந்து உட்காரச் சொல்லும் தண்டனை என்றும் பொருள். அறுபது வயதுக்கு மேல் எனக்கு அது மறுபடி கிடைத்தது.

தம்பி இப்போது ஒட்டு விட்டிருக்கிறதா என்று ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்க்கிறார். நன்றாக ஒட்டிய இடம் கணீரென்று கேட்கும். உள்ளே விட்ட இடம் மந்தமாகக் கேட்கும். படகுக்காரர்களுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார். மாதம் ஒருமுறை கரையில் படகைக் கவிழ்த்துவைத்துத் தட்டிப் பார்ப்பவர்கள் அங்கே சிலர் இருக்கிறார்கள். எப்பாக்ஸி போட்ட இடத்துக்கு மேல் மறக்காமல் வெள்ளை பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார். வெறுமனே விட்டால் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி பொடிந்து போகும். கறுப்போ நீலமோ அடித்தால் நடுப்பகலில் கை வைக்க முடியாத சூடு ஏறி, அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸி இளக ஆரம்பிக்கும். கரையில் நீலப் படகுகளுக்கு நடுவே அங்கங்கே வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது அவர் வேலை.